காரணம் என்கிற கட்டம்

ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று
பத்தொன்பது வருடமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
பல்லடத்துக்குக் கிழக்கே என் மில்லில்
ஒரு ஸ்பிண்டில் டேப் தளர்ந்தாலும்
மீட்டருக்கு முன் என் காதுக்குத் தெரியும்.
வண்டி வந்த அன்றே
நீள ரிஜிஸ்டர் ஒன்றில் கோடு போட்டேன்:
தேதி, தூரம், யூனிட், ரூபாய், காரணம்.

நானூறு குதிரை. இரண்டேகால் டன்.
"நாலே செகண்டுல நூறுங்க மேடம்" என்றான் விற்ற பையன்.
"நூறுக்கு எத்தனை யூனிட்டு, அதைச் சொல்லு தம்பி."
அவன் நூறு வேகம்,
என் நூறு தூரம்.
சிரித்துவைத்தான்.

சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை பீக் ஹவர்.
அந்நேரம் அதற்குத் தண்ணி காட்டுவதில்லை.
பத்தே காலுக்கு ஒயரைச் செருகினால்
விடிவதற்குள் வயிறு நிறைந்துவிடும்.
சுவர் மீட்டர் எண்பத்தெட்டு என்கிறது,
வண்டி எழுபத்தொன்பதுதான் என்கிறது.
நடுவே ஒன்பது யூனிட் சூடாய்ப் போயிற்று.
ப்ளோ ரூம் கழிவுப் பஞ்சையும் எடைபோட்டு வாங்க
வெள்ளகோவிலில் ஆள் உண்டு.
இந்தச் சூட்டை எவன் வாங்குவான்?

ஆடியில் பொள்ளாச்சியிலிருந்து கிழக்கே வந்தால்
நூறுக்குப் பதினேழு.
அதே பாதையில் மேற்கே போனால் இருபத்துநாலு.
கேத்தனூர்க் காற்றாடிகளுக்கு ஒரு கையால் கொடுத்துவிட்டு
மறுகையால் என் முன்கண்ணாடியில் பிடுங்கியது.
காரணம்: மேகாத்து.

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறினேன்,
இருபது சதவீதம் போச்சு.
நாற்பது வளைவும் பிரேக் தொடாமல் இறங்க
மூன்று சதவீதம் திரும்ப வந்தது.
ஒரம்பரைக்குக் கொடுத்த கைமாத்து.
முழுசாய் வராது,
வந்தவரைக்கும் புண்ணியம்.

யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால்
கிலோமீட்டருக்கு ஒன்று அறுபது.
கொழுந்தனார் டீசலுக்கு ஏழு ரூபாய்ச் சொச்சம்.
கல்யாண வீட்டுப் பந்தியில் இதைச் சொன்னேன்.
ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நின்று கேட்டார்.
கொழுந்தனார் அப்பளத்தை நொறுக்கினார்.

புரட்டாசியில் ஒரு ராத்திரி.
நாற்பது டன் ஆர்டரை
நாலே வரி மெயிலில் ரத்து செய்திருந்தார்கள்.
தாராபுரம் ரோட்டில் நாயும் இல்லை, லாரியும் இல்லை.
மிதித்தேன்.
சத்தமே இல்லாமல்
சீட்டு என் முதுகை வாங்கிக்கொண்டது.
பனைகள் படுத்துப் படுத்து எழுந்தன.
பதினெட்டுக் கிலோமீட்டர்.
நூறுக்கு நாற்பத்தொன்று என்றது திரை.
யூ டர்ன் போட்டு
மறுபடியும் மிதித்தேன்.

மில்லில் சட்டம் போட்டவளே நான்தான்:
எந்தக் கட்டமும் காலியாய் இருக்கக் கூடாது.
பேரிங், டிரிப், ஈரப்பஞ்சு,
எதையாவது எழுது, எழுதாமல் வராதே.
மறுநாள் காலை நாற்பத்தொன்றை எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தை விட்டுவிட்டேன்.

தையில் காங்கயம் ரோட்டு யாகூப் கடை.
பின்டயரை விரலால் தடவினார்.
"இருவத்தாறாயிரந்தானுங்க ஓடியிருக்குது,
அதுக்குள்ள வழுக்கை.
ஆருங்க ஓட்டறது, பையனுங்களா?"
"நாந்தானுங்க."
ஜாக்கியை எடுக்கப் போனவர்
ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

நாலு டயர், ஒரு லட்சத்து எட்டாயிரம்.
கடை ஸ்டூலில் உட்கார்ந்து வகுத்தேன்,
கிலோமீட்டருக்கு நாலு பதினஞ்சு.
பைசா பைசாவாய்ப் பிடித்த மின்சாரத்தைவிட
ரப்பருக்கு இரண்டரை மடங்கு.
அதற்கு ரிஜிஸ்டரில் கட்டமே போடவில்லை.
டீசலைவிட இன்னும் குறைவுதான்.
ஆனாலும் அடுத்த பந்தியில்
நானாக ஆரம்பிக்க மாட்டேன்.

ஆபீஸில் மகுடேஸ்வரி
புதுப் பக்கத்துக்கு டயர்க் கோடு போட்டாள்.
பழசைப் புரட்டினாள்.
"இந்தப் புரட்டாசிக்குக் காரணம் போடலீங்களேக்கா?"
"விடு."
"ஆர்டர் கேன்சல்னு போடட்டுங்களா?"
"ரெண்டாந்தரம் மிதிச்சதுக்கு என்ன போடுவே?"
புரியாமல் பேனாவை மூடினாள்.

கடிகாரம் பார்த்தேன்.
பீக் ஹவர் முடிய
இன்னும் நாற்பது நிமிஷம்.
சாவி மேஜைமேல் கிடந்தது.